நாலரை மணி என்றேன்

எனக்கு மாரடைப்பு வந்தது இரவு ஒன்பது மணிக்கு. ஆஸ்பத்திரியில் கேட்டபோது விடிய நாலரை என்று சொன்னேன். வாய் தவறிச் சொன்னதல்ல, மயக்கத்தில் உளறியதுமல்ல. அவசர சிகிச்சைப் பிரிவில் அந்த இளம் டொக்ரர் "எத்தனை மணிக்கு ஐயா நோ தொடங்கினது?" என்று கேட்டதும், பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தை ஒருதரம் பார்த்தேன். பிறகுதான் சொன்னேன். அந்த நேரம் கட்டில் தலைமாட்டில் தொங்கிய காகிதத்தில் ஏறியது. அதிலிருந்து கிளினிக் கொப்பிக்குப் போனது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போன கடிதங்களிலும் ஏறியது. போன இடமெல்லாம் டொக்ரர்மார் அதை நம்பித்தான் கணக்குப் போட்டார்கள்.

நான் ஓய்வு பெறும்வரை கிளிநொச்சி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவன். இதயத்தைச் சிவப்புச் சோக்காலும் நீலச் சோக்காலும் எத்தனையோ வகுப்புக்குக் கீறியிருக்கிறேன். நெஞ்சின் நடுவில் பாரம், இடது கைக்கும் தாடைக்கும் ஏறுகிற நோ, குளிர்ந்த வேர்வை: இதில் ஒன்று வந்தாலும் வாய்வு என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவனும் நான்தான். அந்த மூன்றும் அன்றிரவு எனக்கு வந்தன, நான் படிப்பித்த அதே ஒழுங்கில்.

மாசி மாதம். காலபோக நெல் விளைந்து வெட்டுக்கு நின்றது. மறுநாள் விடிய எங்கள் வயலுக்கு வெட்டுமெசின் வருவதாகப் பேச்சு. முறை தவறினால் திரும்ப அந்த மெசினைப் பிடிப்பது எவ்வளவு வில்லங்கம் என்று அக்கராயன் பக்கத்தில் கமம் செய்கிற எவரையும் கேட்கலாம். இடையில் ஒரு மழை பெய்தால் கதிர் நிலத்தில் படுத்துவிடும். சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் இருந்தபோது நோ தொடங்கியது. மனைவி உள்ளி சுட்டுத் தந்தாள், நெஞ்சில் சித்தாலேப்ப பூசினாள், இஞ்சி போட்டு பிளேன்ரீ ஊற்றினாள். பத்து மணிபோல வேர்வையில் சாரமும் நனைந்தது. "1990க்கு அடிப்பம்" என்றாள். அந்த இலவச அம்புலன்ஸ் 2018இல் வடக்குக்கு வந்ததிலிருந்து ஊரில் சின்னப் பிள்ளைக்கும் அந்த இலக்கம் தெரியும். நான் அவள்மேல் பாய்ந்தேன்.

"வாய்வுக்கு அம்புலன்ஸ் கூப்பிட்டு ஊரைக் கூட்டப் போறியே? பேசாமல் படு."

அவள் படுக்கவில்லை. கட்டிலுக்குக் கீழே பாயைப் போட்டு இருந்தாள்.

வெட்டுமெசினைக் காரணமாகச் சொல்லலாம். பின்னர் பலருக்கு அப்படித்தான் சொன்னேன், கேட்டவர்களும் தலையாட்டினார்கள். கமக்காரனுக்கு நெல்தான் முதல் என்பது எங்கள் மண்ணில் யாரும் மறுக்காத நியாயம். ஆனால் அன்றிரவு நான் நெல்லைப் பற்றி நினைக்கவேயில்லை. அது வாய்வில்லை என்று எனக்கு நல்லாகத் தெரியும். அம்புலன்சில் ஏறிவிட்டால் பிறகு நான் நோயாளி. ஊருக்குப் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தவனை நாலு பேர் தூக்கிக் கட்டிலில் போடுவார்கள், சட்டையைக் கழற்றுவார்கள், "சேருக்கே இப்படியாம்" என்பார்கள். விடியும்வரை தாக்குப்பிடித்தால் தானாக அடங்கிவிடும் என்று மனது ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை சோதனைத் தாளில் அப்படி எழுதியிருந்தால் முட்டை போட்டிருப்பேன்.

விடியக் கிணற்றடிக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டேன். கண் இருண்டது. மனைவி கத்திக்கொண்டு ஓடிப் போய் அயல்வீட்டுப் பொடியனை எழுப்பினாள். அவன் என்னிடம் படித்தவன். விஞ்ஞானத்தில் கெட்டிக்காரனல்ல, கையெழுத்து மட்டும் வடிவு. இப்போது ஓட்டோ ஓடுகிறான். சாரத்தோடு வந்து என்னைத் தூக்கிப் பின்னால் போட்டு, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு அந்த நீண்ட ரோட்டில் விட்ட விடு இன்னும் முதுகில் நிற்கிறது. வழியில் பெற்றோல் முடியும்போல இருக்கிறதென்று செட்டில் ஒருதரம் நிறுத்தினான். நின்றது ஐந்து நிமிடம் வராது.

அந்த ஐந்து நிமிடத்தின்மேல்தான் என் பொய் ஏறி உட்கார்ந்தது.

ஆஸ்பத்திரியில் அஸ்பிரின் சப்பக் கொடுத்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், கட்டி கரைக்கிற ஊசியான ஸ்ரெப்ரோகைனேசை ஏற்றினார்கள். செய்ய வேண்டியதை மளமளவென்று செய்தார்கள், அதில் ஒரு குறையுமில்லை. நான் ஒன்பது மணி என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் அதே ஊசியைத்தான் போட்டிருப்பார்கள் என்று பிறகு அறிந்தேன். நோ தொடங்கிப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் என்றால் அதைப் போடுவதுதான் முறை. ஆனால் முதல் இரண்டு மூன்று மணித்தியாலத்தில் போட்டால் கிடைக்கும் பலன் ஒன்பதாவது மணியில் கிடைக்காது. என் பொய்யின்படி நான் ஒன்றரை மணித்தியாலத்தில் வந்து சேர்ந்துவிட்டேன். அப்படி வந்தவனுடைய இதயம் ஓரளவுக்கு மீண்டிருக்க வேண்டும். மீளவில்லை. எக்கோவில் பார்த்தபோது இடது இதயவறை ஒவ்வொரு அடிப்புக்கும் வெளியே தள்ளும் இரத்தம் 35 சதவீதம் என்று வந்தது. சாதாரண ஆளுக்கு 55க்கு மேல் இருக்கும். இவ்வளவு கெதியாக வந்தவருக்கு இவ்வளவு சேதம் ஏன் என்று டொக்ரர்மாருக்கு விளங்கவில்லை.

சொந்தக்காரருக்கு உடனே விளங்கிவிட்டது. வாட்டுக்குப் பார்க்க வந்த மைத்துனர், என் மனைவியின் தமையன், வழியில் பெற்றோல் செட்டில் ஓட்டோ நின்ற கதையை யாரிடமோ கேட்டிருந்தார். "நெஞ்சு நோவோட கிடக்கிற மனிசனை வைச்சுக்கொண்டு பெற்றோல் அடிச்சவனாம். ஒரு நிமிசம் பிந்தினாலும் இதயத்தில அவ்வளவு சதை செத்துப்போகும் எண்டு டொக்ரர்மார் சொல்லினம்" என்று கட்டிலருகில் நின்றே சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். நித்திரையில்லை. அந்தக் கதை ஊருக்குப் போனது, கனடாவில் இருக்கிற என் தங்கைக்கும் போனது. பொடியனை அவசரத்துக்குக் கூப்பிடக் கூடாது என்று இரண்டு மூன்று வீட்டுக்காரர் பேசிக்கொண்டார்கள். அவன் எங்கள் படலைக்கு வருவதை விட்டான்.

வீட்டுக்கு வந்த அன்று மனைவி சொன்னாள்: "நீங்கள் அண்ணைக்குச் சொல்லாட்டி நான் சொல்லிப்போடுவன்." சொல்லாதே என்று அவளிடம் கெஞ்சினேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், எனக்குத் தெம்பு வரட்டும் என்றேன். நோயாளியின் கெஞ்சலுக்கு மனைவி மறுப்புச் சொல்ல மாட்டாள் என்று தெரிந்துதான் கெஞ்சினேன். அவளையும் என் பொய்க்குக் கூட்டாளியாக்கினேன். அந்தக் குற்றம் முதலாவதைவிடப் பெரிதாக எனக்குப் படுகிறது. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் வரவில்லை.

அஞ்சியோவில் இதயத்தின் முன்பக்கச் சுவருக்குப் போகும் பெரிய நாடி நடுவில் முற்றாக அடைத்திருந்தது. இனி அதைத் திறக்கலாமா, பைபாஸ் செய்யலாமா, மருந்தோடு விடலாமா என்ற கேள்வி வந்தது. அதற்கு முதலில் அந்த நாடி தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தசையில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அசையாத தசையெல்லாம் செத்த தசையல்ல. இரத்தம் குறைந்ததால் வேலையைக் குறைத்துக்கொண்டு கிடக்கிற தசையும் எக்கோவில் அசையாமல்தான் தெரியும். பம்பாயில் பிறந்த ஷாபுதீன் ரஹீம்தூலா என்ற இதய மருத்துவர்தான் இந்த உறங்குநிலைத் தசையைப் பற்றி உலகத்துக்கு உறைக்கும்படி எழுதியவர். இரத்தம் திரும்பினால் அது எழும்பலாம். செத்தது எழும்பாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க எம்.ஆர்.ஐ. எடுங்கள் என்று கொழும்புக்குக் கடிதம் தந்தார்கள். பணத்தைத் தங்கை அனுப்பினாள்.

அங்கே இரண்டாவது பொய்.

எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே ஒரு பிள்ளை கையில் படிவத்தோடு வந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். பேஸ்மேக்கர் இருக்கா, காதுக்குள் கருவி இருக்கா, உடம்பில் எங்கேயாவது இரும்புத் துண்டு, வெடிச் சன்னம், செல் பீஸ்? "இல்லை" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

இருக்கிறது. 2009 தொடக்கத்தில், வன்னிச் சனம் முழுக்கப் புதுக்குடியிருப்புப் பக்கமாக ஒதுங்கி, பிறகு மாத்தளன் கடற்கரை வரை தள்ளுப்பட்ட நாட்களில், பங்கருக்கு வெளியே நின்ற எனக்கு இடது விலாவில் செல் பீஸ் பட்டது. மாத்தளன் பள்ளிக்கூடத்தில் இயங்கிய ஆஸ்பத்திரியில் தைத்து விட்டார்கள். உள்ளே போனதை எடுக்க அங்கே வசதியுமில்லை, நேரமுமில்லை. பிறகு ஓமந்தைச் சோதனையில் காயத்தோடு வந்தவர்களை மறித்து மறித்துக் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவரின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததை நான் கண்டேன். "முள்ளுக்கம்பி கிழிச்சது" என்ற பதில் அன்றைக்கே பாடமானது. செட்டிகுளத்து முகாமில் அதைச் சொன்னேன், திரும்பி வந்து பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொன்னேன். வன்னியில் எத்தனை பேரின் தோலுக்குள் இப்படி இரும்பு கிடக்கிறது, அதில் எத்தனை பேர் அதை வாய்விட்டுச் சொல்லுவார்கள் என்பது எங்கள் ஆட்களுக்குத் தெரியும்.

இந்தக் கதையைச் சொன்னால் கேட்கிறவர்கள் என்னை மன்னித்துவிடுகிறார்கள். கொழும்பு டொக்ரர்கூட "விளங்குது ஐயா" என்றார். அதனால்தான் அவதானமாக எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை சீருடைக்காரியல்ல. கேட்டது தமிழில், அதுவும் மட்டக்களப்புத் தமிழில். ஏன் கேட்கிறேன் என்பதையும் விளங்கப்படுத்தினாள். காந்தப்புலம் பற்றிப் படிப்பித்தவனுக்கு அவள் சொல்லித் தரத் தேவையுமில்லை. ஒன்றரை ரெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அது எப்போதும் வேலை செய்துகொண்டேயிருக்கும், படம் எடுக்கும்போது மட்டும் போட்டுவிட்டுப் பிறகு அணைப்பதில்லை. ஈயச் சன்னம் அதற்குள் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும். செல்லின் கோது உருக்கு. அது நகரப் பார்க்கும், சூடேறவும் கூடும். உடம்பில் துண்டு உள்ள எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. கூடாது என்றில்லை, எங்கே இருக்கிறது, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் பார்ப்பதற்கு நான் சொல்ல வேண்டும். பயம் பழகிப்போனதால் வந்த பொய் என்று பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி, அந்த அறைக்குள் எல்லாம் சுமுகமாக நடந்து, யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம். ஒன்பது மணியை நாலரையாக்கியதும் அதே அவசரம்தான். அதற்குப் போர் பொறுப்பல்ல.

என்னைக் காப்பாற்றியது உடுப்பு. அவர்கள் தந்த முதுகு திறந்த சட்டையை மாற்றும்போது அந்தப் பிள்ளை விலாவில் கிடந்த தழும்பைக் கண்டாள். முள்ளுக்கம்பி என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எக்ஸ்ரேக்கு அனுப்பினாள். நெஞ்சுப் படத்தில் இரண்டு வெள்ளைத் துண்டுகள். ஒன்று விலாவெலும்போடு ஒட்டி, மற்றது இதயத்தின் நிழலுக்குப் பக்கத்தில். எம்.ஆர்.ஐ. நின்றது. சி.ரி. எடுப்போம் என்றார்கள்.

செத்த இதயத் தசையை சி.ரி.யில் பார்க்கலாம் என்பது எனக்குப் புதினமாக இருந்தது. சி.ரி. என்றால் தலையடிபட்டவர்களுக்கு எடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். தொடக்கமும் அதுதான். 1971 ஒக்ரோபரில் லண்டனின் அட்கின்சன் மோர்லி ஆஸ்பத்திரியில் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியைப் பார்த்தபோது பார்த்தது மூளையை. ஒரு வெட்டுப் படத்துக்கு நிமிடக் கணக்கில் எடுத்தது. துடித்துக்கொண்டேயிருக்கும் இதயத்தை அந்த வேகத்தில் எடுத்தால் வெறும் புகைதான் வந்திருக்கும். இன்றைய இயந்திரத்தில் குழாய் ஒரு சுற்றை மூன்றிலொரு செக்கனுக்குள், சிலவற்றில் அதைவிடவும் கெதியாகச் சுற்றி முடிக்கிறது. ஈ.சி.ஜி. வயரை நெஞ்சில் ஒட்டி, இதயம் இளைப்பாறும் கணத்தைப் பார்த்துப் படம் பிடிக்கிறார்கள். அதற்கு முன்னர் நாடித்துடிப்பை அறுபதளவுக்கு இறக்க ஒரு குளிசை. இரத்தத்தில் கிரியற்றினினும் பார்த்தார்கள், ஏனென்றால் ஏற்றப்போகிற அயடீன் மருந்து பழுதான சிறுநீரகத்தை மேலும் வருத்தலாம். எங்கள் பக்கத்தில் அது சும்மா ஒரு சடங்கல்ல. வவுனியா மாவட்டத்தின் விவசாயக் கிராமங்களில் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் எத்தனை கமக்காரரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். என் சிறுநீரகத்துக்கு ஒன்றுமில்லை.

முழங்கை மடிப்பில் ஊசி. அயடீன் ஏறியபோது தொண்டையிலிருந்து அடிவயிறுவரை ஒரு சூடு இறங்கியது. மூச்சைப் பிடி என்று இயந்திரம் சொன்னது, பிடித்தேன். முதல் படம் முடிந்தது. எழும்பப் போனேன், படுங்கள் என்றார்கள். திரும்ப மருந்து ஏற்றவில்லை. சும்மா கிடக்கவிட்டு, பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஆனதும் இரண்டாம் முறை எடுத்தார்கள். இந்த இரண்டாவதில்தான் விசயமே இருக்கிறது.

டொக்ரர் என்னை ஆசிரியர் என்று அறிந்ததாலோ என்னவோ, கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். முதல் படத்தில் அயடீன் இரத்தத்தோடு புதிதாக ஓடுகிறது. இரத்தம் போகாத தசை கறுப்பாக விழும். சில நிமிடம் கழித்து எடுத்தால் படம் தலைகீழாகிவிடும், செத்த இடம் வெளிச்சமாகத் தெரியும். ஏன் என்று கேட்டேன். உயிருள்ள தசைக் கலத்தின் மென்சவ்வு அயடீனை உள்ளே விடாது என்றார். வீட்டுக்கு வந்து நான் அதை மனைவிக்கு வயலை வைத்துச் சொன்னேன். வரம்பு உறுதியாக இருக்கிற பாத்திக்குள் வாய்க்கால் தண்ணீர் தன்பாட்டில் ஏறாது, பக்கத்தால் ஓடி வடிந்துவிடும். வரம்பு உடைந்த பாத்திக்குள் ஏறும், வாய்க்கால் வற்றிய பிறகும் அங்கே நிற்கும். அப்படித்தான் செத்த கலங்களுக்குள் அயடீன் புகுந்து நிற்கிறது. தழும்பாகிப்போன பழைய இடத்திலும் கலங்களுக்கு நடுவில் வெளி கூடிவிடுவதால் அது தங்கி நிற்கும். சேதத்தின் நடுவில் நுண்குழாய்களே அடைபட்டுப் போயிருந்தால் மட்டும், வெளிச்சத்துக்குள் ஒரு கறுப்புத் திட்டு மிஞ்சும். அந்த அடையாளம் நல்லதல்ல.

எம்.ஆர்.ஐ.யில் இதே வித்தையைக் கடோலினியத்தை வைத்து 2000ஆம் ஆண்டளவில் சிக்காகோவில் ரேமண்ட் கிம்மும் ரொபேர்ட் ஜட்டும் நிலைநிறுத்தினார்கள். 2006இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் அல்பேட் லார்டோவின் குழுவும் பிரசெல்சில் பேர்ன்ஹார்ட் கேர்பரின் குழுவும் சி.ரி.யாலும் அதைக் காட்ட முடியும் என்று எழுதினார்கள். எம்.ஆர்.ஐ. அளவுக்குத் துலக்கம் சி.ரி.யில் வராது, வெளிச்சத்துக்கும் மங்கலுக்கும் வித்தியாசம் குறைவு, கதிர்வீச்சும் இருக்கிறது. ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடியவருக்கு எம்.ஆர்.ஐ.தான். எடுக்க முடியாதவருக்கு இது. இரும்பைச் சுமந்துகொண்டு நடக்கிற எங்கள் சனத்துக்கு இந்த "முடியாதவர்" பட்டியல் மற்ற இடங்களைவிட நீளமாக இருக்குமென்று நினைக்கிறேன். பேஸ்மேக்கர் உள்ளவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்களைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எங்கள் டொக்ரர்மார்தான். சி.ரி.யிலும் என் செல் பீசுகள் பேசாமல் இருக்கவில்லை. அவற்றைச் சுற்றி வெள்ளைக் கீறல்கள் சிதறிக் கிடந்தன. நல்லகாலம், அவை முன்சுவரை மறைக்கவில்லை.

முன்சுவரில், இதயத்தின் நுனிவரைக்கும், ஒரு வெளிச்சப் பட்டை. மெல்லிய பட்டையல்ல. சுவரின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை ஏறக்குறைய முழுத் தடிப்புக்கும் இருந்தது.

டொக்ரர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இதயத் தசை எல்லாம் ஒரேயடியாகச் சாவதில்லை என்றார். நாடி அடைத்து இருபது நிமிடமளவில் உட்பக்கம் சாகத் தொடங்கும், அங்கிருந்து நேரம் போகப் போக வெளிப்பக்கத்துக்குப் பரவும். 1977இல் றைமரும் ஜெனிங்சும் நாய்களில் நாடியைக் கட்டிப் பார்த்தது அது. நாற்பது நிமிடத்தில் திறந்துவிட்டால் சுவரின் தடிப்பில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடத்தான் போயிருந்தது. ஆறு மணித்தியாலமானபோது பத்தில் ஏழு பங்கு. "படம் மணி சொல்லாது ஐயா. ஆளாளுக்கு வித்தியாசம் இருக்கு. ஊசி போட்டும் சிலருக்குத் திறக்காது. ஆனா ஒன்றரை மணித்தியாலத்தில வந்தவருக்கு இது கொஞ்சம் கூட. நோ உண்மையா எப்ப தொடங்கினது?"

அவர் குற்றம் சாட்டவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார், நான் உள்ளே போயிருக்கலாம். இதயத்தின் படம் முன்னால் கிடக்கிறது, அதில் என் ஒன்பது மணி பட்டையாகப் பதிந்து கிடக்கிறது, நான் விஞ்ஞான ஆசிரியன். "விடிய நாலரைபோலத்தான் டொக்ரர்" என்றேன். "போல" என்ற சொல்லை மட்டும் புதிதாகச் சேர்த்தேன்.

தலையாட்டினார். எழுதினார். மற்றச் சுவர்கள் நல்லாக இருக்கின்றன, இதயவறைக்குள் இரத்தக் கட்டி இல்லை, முன்சுவருக்குப் போகும் நாடியை இனித் திறப்பதில் லாபமில்லை, மருந்தை ஒழுங்காகப் போடுங்கள் என்றார். தசை உயிரோடு இருந்திருந்தாலும் திறப்பது நிச்சயமான வெற்றி என்று சொல்ல முடியாதாம். 2022இல் பிரித்தானியாவில் இருந்து வந்த ரிவைவ்ட் என்ற ஆய்வில் 700 பேரைப் பார்த்தார்கள். இதயம் பலவீனப்பட்டு, ஆனால் உயிருள்ள தசை இருப்பதாகக் காட்டப்பட்டவர்கள். அவர்களில் ஸ்ரென்ட் வைத்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் சாவிலோ, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரிக்குப் போவதிலோ வித்தியாசம் காணவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு வந்தது நிம்மதி. அதையும் எழுதத்தான் வேண்டும். எப்படியும் பெரிய வித்தியாசம் இருந்திராது என்று மனது உடனே ஒரு புதுச் சாட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆய்வு சொல்வது மாதக் கணக்கில் பிந்திய தசையைப் பற்றி. என் விசயம் முதல் இரவைப் பற்றி. இரண்டும் வேறு என்று எனக்குத் தெரியாதா?

அந்தப் படத்தால் வேறொரு காரியமும் ஆகியிருக்கும். அதைப் பார்த்த எவருக்கும் பெற்றோல் செட்டின் ஐந்து நிமிடத்துக்கும் அந்தப் பட்டைக்கும் தொடர்பில்லை என்று சொல்லத் தெரியும். பொடியனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிற சாட்சியம் ஒரு பெரிய காகித உறைக்குள் இருந்தது. அதைக் கொண்டு வந்து அலுமாரியில் உடுப்புகளுக்குக் கீழே வைத்தேன். தங்கை தொலைபேசியில் "ஸ்கானில என்னவாம்?" என்று கேட்டாள். மருந்தோட இருக்கட்டாம் என்றேன். அவள் பணத்தில் எடுத்த படம்.

கடைசியில் சொன்னது எப்படியென்றால், அது ஒன்றும் பெரிய மனமாற்றமல்ல. இதயச் செயலிழப்புக்கான மருந்தைக் கூட்டியபோது கிளினிக்கில் புதிதாக வந்திருந்த டொக்ரர் கதையை முதலிலிருந்து கேட்டார். மனைவி பக்கத்தில் இருந்தாள். நான் வாயைத் திறக்க முன்னம், சத்தமில்லாமல், "இரவு ஒன்பது" என்றாள். டொக்ரர் என்னைப் பார்த்தார். "ஓம்" என்றேன். பழைய பக்கத்தில் இருந்த நாலரையை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு ஒன்பதை எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தை வைத்தார். ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. அடுத்த நோயாளியின் இலக்கத்தைக் கூப்பிட்டார்.

பிறகு பொடியனிடம் போனேன். ஓட்டோவைக் கழுவிக்கொண்டு நின்றான். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை துணியைப் பிழிந்துகொண்டேயிருந்தான்.

"எனக்குத் தெரியும் சேர்" என்றான். "அண்டைக்கு ஓட்டோக்குள்ள நீங்களே சொன்னனீங்கள். இரவு முழுக்க நெஞ்சு நொந்ததடா, பேசாமல் கிடந்திட்டன் எண்டு. திரும்பத் திரும்பச் சொன்னனீங்கள்."

எனக்கு அது நினைவில் இல்லை. இன்றுவரை இல்லை. அப்படியானால் ஊரே அவனைச் சொன்னபோது ஏன் பேசாமல் இருந்தான் என்று கேட்டேன். "நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு இருந்தன்" என்றான். அவன் குரலில் மரியாதை இருந்தது. மன்னிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் துணியவில்லை. நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது பின்னாலிருந்து சொன்னான்: "எனக்குச் சொன்னது காணாது சேர். மாமாவுக்குச் சொல்லுங்கோ. அவர்தான் எல்லாருக்கும் சொன்னவர்."

மாமா என்று அவன் சொன்னது என் மைத்துனரை. அவருக்கு இன்னும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தார், வாசலில் வைத்துச் சொல்ல நினைத்தேன், பேச்சு நெல்லு விலையில் தொடங்கி நெல்லு விலையில் முடிந்தது. பிறகு ஒரு கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் இருந்தார், சுற்றிவர ஆட்கள். தங்கைக்கு ஒரு நீண்ட செய்தி எழுதி அனுப்பிவிட்டேன், அவள் பதிலுக்கு ஒரு வாரம் எடுத்தாள். மைத்துனருக்கு மட்டும் முகத்துக்கு நேரே சொல்ல வரவில்லை. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பேப்பரையும் சஞ்சிகையையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறவர். இதை எழுதி அனுப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். ஓட்டோக்காரப் பொடியன் கேட்டது இதையல்ல என்பதும் எனக்குத் தெரியும்.